கண்ட்ரோல் கீயும் என் சுண்டு விரலும்

கம்ப்யூட்டர் பற்றி எழுதும் எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எழுதுவதற்கு வேறு விஷயம் கிடைக்காத மாதத்தில், "நூறு ஷார்ட் கட் கீகள்" என்று ஒரு பட்டியல் போட்டுவிடுவோம். வாசகர்களும் அதை வெட்டி எடுத்து மானிட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக் கொள்வார்கள். மவுஸைத் தொடாமல் வேலை பார்ப்பவர்தான் கில்லாடி என்று ஓர் எண்ணம் நம்மிடையே பரவிவிட்டது. நானும் அப்படிப்பட்ட பட்டியல்கள் பல எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றில் கூட, இந்தக் கீகளை அழுத்துவது எந்த விரல், அந்த விரலுக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதியதில்லை. அந்தக் குறையை இப்போது தீர்க்கிறேன். கம்ப்யூட்டர் வாங்கி ஓரிரு மாதம்தான் ஆகிறது என்பவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். பழக்கம் கையில் ஊறிய பின் மாற்றுவது கடினம். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலையில் குளித்து முடித்து ஈரத் துண்டைப் பிழிந்தபோது இடது மணிக்கட்டின் வெளிப்பக்கம் சுருக்கென்று வலித்தது. கையை மடக்கிப் படுத்திருப்பேன் என்று நினைத்துத் தைலம் தடவிக் கொண்டேன். ஒரு மாதத்தில் நிலைமை மோசமானது. மாலை நேரத்தில் காபி டம்ளரை இடது கையில் பிடித்தால் சுண்டு விரல் நடுங்கியது. பைக்கில் கிளட்ச் பிடிப்பதே சிரமமாகிவிட்டது. எலும்பு மருத்துவரிடம் போனேன். "மூன்று வாரம் டைப் செய்வதை நிறுத்துங்கள்" என்றார். மாதச் சம்பளக்காரர் என்றால் மெடிக்கல் லீவு போடலாம். பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுதிப் பிழைப்பவனுக்கு மூன்று வாரம் என்பது பால்காரர் கணக்கும் பெண்ணின் பள்ளிக் கட்டணமும்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார். "சார், இந்த மேஜையில் கையை வைத்து, நீங்கள் டைப் செய்வது போலச் செய்து காட்டுங்கள்." வெறும் மேஜையில் நான்கு வரி தட்டினேன். நான் கவனிக்காத ஒன்றை அவர் கவனித்தார். ஒவ்வொரு வரி முடிந்ததும் என் இடது சுண்டு விரல் தானாகக் கீழே ஒரு மூலைக்குப் போனது. அதை நீட்டுவதற்காக மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைந்தது. அந்த நிலையிலேயே இன்னொரு விரல் ஒரு தட்டு தட்டியது. கண்ட்ரோல் + எஸ்! "இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்வீர்கள்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் 74 முறை சேவ் செய்திருந்தேன். எழுதியது என்னவோ ஒன்றரைப் பக்கம்தான்.

இது ஏன் என்று தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2012ல் பகலும் இரவும் மணிக் கணக்கில் மின்சாரம் போய்க் கொண்டிருந்தது. என்னிடம் அப்போது யு.பி.எஸ். இல்லை. ஒரு முறை நான்கு பக்கக் கட்டுரை ஒரு நொடியில் காணாமல் போனது. அன்றிலிருந்து வரிக்கு வரி கண்ட்ரோல் + எஸ். இப்போது லேப்டாப்தான், பேட்டரி இருக்கிறது. மின்வெட்டும் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் விரலில் இருந்து பயம் போகவில்லை.

இனி என் கருத்துக்கு வருகிறேன். ஷார்ட் கட் கீகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மவுஸைப் பிடித்தே எல்லா வேலையும் செய்தால் வலது தோள்பட்டை வேறு கணக்குக் கேட்கும். நான் சொல்வது, புரோகிராம் தயாரித்தவர்கள் கொடுத்த ஷார்ட் கட் கீகளை அப்படியே ஏற்றுக் கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை என்பதே. புதிய செருப்பு கடித்தால் காலை வெட்டிக் கொள்வதில்லை. கீபோர்டு விஷயத்தில் மட்டும் கையைத்தான் வளைக்கிறோம்.

கண்ட்ரோல் கீ ஏன் மூலைக்குப் போனது?

ஒரு எழுத்தைத் தட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. விரல் இறங்குகிறது, எழுகிறது. கண்ட்ரோலுடன் சேர்த்து அழுத்தும்போதுதான் சங்கடம். கையிலேயே பலம் குறைந்த விரலை நீட்டிப் பிடித்துக் கொண்டு, அதே கையின் இன்னொரு விரலால் தட்டுகிறோம். எஸ், எக்ஸ், சி, வி, இசட், ஏ, எப் என்று நாம் அதிகம் பயன்படுத்தும் எழுத்துகள் அனைத்தும் இடது பக்கம். நாம் பழகிய கண்ட்ரோல் கீயும் இடது பக்கம். பாரம் முழுவதும் ஒரே கைக்கு.

இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. 1981ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது அதன் கீபோர்டில் கண்ட்ரோல் கீ, ஏ எழுத்துக்கு இடது பக்கத்தில், அதாவது இன்று கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் இருந்தது. சுண்டு விரல் நீள வேண்டியதே இல்லை. சற்று நகர்ந்தால் போதும். 1980களின் நடுவில் அதே நிறுவனம் 101 கீகளுடன் புதிய கீபோர்டு கொண்டு வந்தபோது கேப்ஸ் லாக் அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டது. கண்ட்ரோல் கீழ் மூலைக்குத் தள்ளப்பட்டது. இன்றைய கீபோர்டுகள் எல்லாம் அந்த அமைப்பின் வாரிசுகள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லை. தமிழில் எழுதும் நம் கீபோர்டில் கூட கேப்ஸ் லாக்குக்கு முன் வரிசையில் இடம் என்பது வேடிக்கைதான்.

இன்னொரு கதை. வெட்ட எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி என்பவை ஆப்பிள் நிறுவனத்தில் லாரி டெஸ்லர் பணியாற்றிய காலத்தில், 1983ல் வெளியான லிசா கம்ப்யூட்டருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. மேக் கம்ப்யூட்டர்களில் இந்த எழுத்துகளுடன் அழுத்த வேண்டிய கமாண்ட் கீ ஸ்பேஸ் பாரை ஒட்டி இருக்கிறது. கட்டை விரல் அதைச் சுலபமாக அழுத்திவிடும். பின்னாளில் விண்டோஸ் அதே எழுத்துகளை எடுத்துக் கொண்டது. ஆனால் பக்கத்துக் கீ கண்ட்ரோல் ஆகிவிட்டது. கட்டை விரலின் வேலை சுண்டு விரலுக்கு வந்து சேர்ந்தது.

புரோகிராம் எழுதுபவர்களிடையே "எமாக்ஸ் சுண்டு விரல்" என்று ஒரு பேச்சு வழக்கே உண்டு. எமாக்ஸ் என்பது 1976ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பிறந்த டெக்ஸ்ட் எடிட்டர். அதில் எதற்கெடுத்தாலும் கண்ட்ரோல்தான். அந்த ஆய்வகத்தின் லிஸ்ப் மெஷின்களுக்காக வந்த கீபோர்டில் கண்ட்ரோல் ஸ்பேஸ் பாரை ஒட்டி இருந்ததால் பிரச்னை எழவில்லை. அதே எடிட்டரைச் சாதாரண கீபோர்டில் பயன்படுத்தியவர்களுக்குத்தான் விரல் வலி வந்தது. அவர்களில் பலர் செய்த காரியத்தைத்தான் இப்போது நாமும் செய்யப் போகிறோம்: கீகளின் வேலையை மாற்றி அமைப்பது.

முதலில் எண்ணுங்கள்

எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். இரண்டாம் நாளே குழம்பி, பழையபடி திரும்பிவிடுவீர்கள். ஒரு மணி நேரம் என்னைப் போலத் தாளில் கோடு போட்டுப் பாருங்கள். எந்த இரண்டு அல்லது மூன்று ஷார்ட் கட் கீகள் உங்கள் கையை அதிகம் வாங்குகின்றன என்று தெரிந்துவிடும். அவற்றை மட்டும் மாற்றினால் போதும்.

எனக்கு முதல் எதிரி சேவ். அதற்கு எப்9 கீயைக் கொடுத்தேன். தனியாக ஒரு விரலால், அதுவும் வலது கையால், ஒரு தட்டு. அவ்வளவுதான். வேர்ட் புரோகிராமில் பைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் கிளிக் செய்து, கஸ்டமைஸ் ரிப்பன் பிரிவுக்குச் செல்லவும். கீழே கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்று இருக்கும் இடத்தில் கஸ்டமைஸ் பட்டனை அழுத்தவும். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் இடது பக்கம் பைல் பிரிவையும், வலது பக்கம் பைல்சேவ் கட்டளையையும் தேர்ந்தெடுக்கவும். புதிய ஷார்ட் கட் கீ கேட்கும் கட்டத்தில் கர்சரை வைத்து எப்9 அழுத்தி, அசைன் பட்டனைத் தட்டி வெளியேறவும். எப்9க்கு ஏற்கனவே ஒரு வேலை இருக்கிறது என்று வேர்ட் காட்டும். பீல்டுகளைப் புதுப்பிக்கும் வேலை அது. வீட்டில் கடிதமும் விண்ணப்பமும் தயாரிப்பவர்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. இதனால் பழைய கண்ட்ரோல் + எஸ் போய்விடாது. இரண்டும் வேலை செய்யும்.

நோட்பேட் புரோகிராமில் இப்படி மாற்ற வழியில்லை. அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் நோட்பேட் பிளஸ் பிளஸ் எடிட்டரைப் பதிந்து கொள்ளுங்கள். அதில் செட்டிங்ஸ் மெனுவில் ஷார்ட்கட் மேப்பர் என்று இருக்கும். திறந்தால் எல்லாக் கட்டளைகளும் வரிசையாகக் கிடைக்கும். சேவ் என்ற வரியைத் தேர்ந்தெடுத்து மாடிபை பட்டனை அழுத்தி, கண்ட்ரோல் கட்டத்தில் உள்ள டிக் அடையாளத்தை நீக்கி, எப்9 தேர்ந்தெடுத்து ஓகே கொடுக்கவும். நீங்கள் தேர்ந்தெடுத்த கீ வேறு கட்டளைக்குப் போயிருந்தால் கீழே எச்சரிக்கை வரும். கவனம், இங்கே வேர்டைப் போல இல்லை. மாற்றியதும் கண்ட்ரோல் + எஸ் சேவ் செய்யாது.

அதைவிட முக்கியம், இத்தனை முறை சேவ் செய்ய வேண்டுமா என்ற கேள்வி. நோட்பேட் பிளஸ் பிளஸ் தானாகவே 7 நொடிக்கு ஒரு முறை காப்பு நகல் எடுக்கும்படி அமைக்கப்பட்டு வருகிறது. வேர்டில் ஆட்டோ ரெகவர் வசதி 10 நிமிடத்துக்கு ஒரு முறை என்று இருக்கும். ஆப்ஷன்ஸில் சேவ் பிரிவுக்குச் சென்று அதை 2 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். பயம் பாதியாகிவிடும். எனக்கு எப்9 செய்த உதவியைவிட இந்த எண்ணை மாற்றியது செய்த உதவிதான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

டெக்ஸ்ட்டைத் தேர்ந்தெடுக்க ஷிப்டையும் கண்ட்ரோலையும் சேர்த்துப் பிடித்துக் கொண்டு அம்புக் கீயைத் தட்டுபவரா நீங்கள்? வேர்டில் எப்8 கீயை முயன்று பாருங்கள். ஒரு முறை தட்டினால் தேர்வு நிலை தொடங்கும். இரண்டாம் முறை தட்டினால் சொல், மூன்றாம் முறை வாக்கியம், நான்காம் முறை பத்தி என்று தேர்வாகும். எதையும் பிடித்துக் கொண்டிருக்கத் தேவையில்லை. முடிந்ததும் எஸ்கேப் தட்டி வெளியே வரலாம். எத்தனையோ ஆண்டுகளாக வேர்டில் இருக்கும் வசதி இது. நான் எழுதிய பட்டியல்களில் இதைச் சேர்த்ததே இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறேன். (லேப்டாப்பில் எப்8 தட்டினால் ஒலியோ வெளிச்சமோ மாறுகிறது என்றால், எப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். பல லேப்டாப்களில் எப்என் + எஸ்கேப் அழுத்தி இதை நிரந்தரமாக மாற்றிக் கொள்ளலாம்.)

கட்டை விரலுக்கு வேலை கொடுங்கள்

சி, வி, எக்ஸ், இசட் ஆகியவற்றை நான் மாற்றவில்லை. அவை எல்லா புரோகிராம்களிலும் ஒன்றுதான். கண்ட்ரோல் கீயைத்தான் நகர்த்தினேன். இதற்கு மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தேவை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இயங்கும். அதில் கீபோர்டு மேனேஜர் பிரிவில் எந்தக் கீயையும் வேறு கீயாக்கலாம்.

முதலில் பலரும் சொல்வது போல கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோல் ஆக்கினேன். மணிக்கட்டு வளைவது நின்றது. ஆனால் பாரம் சுமப்பது அதே சுண்டு விரல்தானே! இரண்டு வாரத்தில் வலி இடம் மாறியதே தவிர குறையவில்லை. அடுத்து இடது ஆல்ட் கீயைக் கண்ட்ரோல் ஆக்கிப் பார்த்தேன். விண்டோ மாற்றும் ஆல்ட் + டேப் குழம்பிப் போனது. கடைசியில் ஸ்பேஸ் பாருக்கு வலது பக்கத்தில் சும்மா கிடந்த ஆல்ட் கீயைக் கண்ட்ரோல் ஆக்கினேன். இதுதான் பிடித்தது. வலது கட்டை விரல் அதை அழுத்துகிறது; இடது கை நிம்மதியாக சி, வி தட்டுகிறது. கைக்கு ஒரு கீ. ஆல்ட் + டேப் இடது பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

வலது ஆல்ட் கீக்கு இனி வேலை இருக்காது என்று பவர்டாய்ஸ் எச்சரிக்கும். தொடர்க என்று கொடுத்துவிடலாம். ஒரே ஒரு விஷயம். இந்திய ஆங்கில கீபோர்டு அமைப்பில் வலது ஆல்ட் + 4 அழுத்தி ரூபாய் குறியீடு போடுபவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவர்கள் வலது பக்கக் கண்ட்ரோல் கீயையே பயன்படுத்தப் பழகலாம். அதுவும் இரண்டு கைக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கும். ஆனால் 2024க்குப் பின் வந்த சில லேப்டாப்களில் அந்த இடத்தில் கோபைலட் கீ உட்கார்ந்திருக்கிறது. வாங்கும் முன் பார்த்துக் கொள்ளுங்கள்.

எதையும் பதிய விருப்பம் இல்லாதவர்களுக்கு விண்டோஸிலேயே ஸ்டிக்கி கீஸ் இருக்கிறது. ஷிப்ட் கீயை ஐந்து முறை தட்டினால் திடீரென்று ஒரு விண்டோ வந்து நிற்குமே, அதேதான். கேம் விளையாடும் பிள்ளைகள் அதைத் திட்டித் தீர்ப்பார்கள். அதை இயக்கிவிட்டால் கண்ட்ரோலை ஒரு முறை தட்டி விட்டுவிட்டு, பிறகு எஸ் தட்டலாம். பிடித்துக் கொள்ளத் தேவையில்லை. தினமும் பயன்படுத்த எனக்கு அது மெதுவாக இருந்தது. வலி அதிகமான நாட்களில் கை கொடுத்தது.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் பெறும் அஞ்சல் முறையில் ண, ள, ற ஒவ்வொன்றுக்கும் ஷிப்ட் வேண்டும். "வள்ளலாற்றங்கரை" என்று எழுதிப் பாருங்கள், தெரியும். தமிழ்99 முறையில் இந்த எழுத்துகளுக்கு ஷிப்ட் தேவையில்லை. ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான் தேவை. உயிர் எழுத்துகள் இடது கையிலும் மெய் எழுத்துகள் பெரும்பாலும் வலது கையிலும் வருவதால் இரண்டு கைகளும் மாறி மாறி வேலை செய்யும். க்க, த்த போன்றவற்றுக்குப் புள்ளி தானாக விழும். புதிதாகத் தொடங்குபவர்கள் தமிழ்99ல் தொடங்குங்கள். நான் இருபது ஆண்டுகள் அஞ்சலில் ஊறியவன்; மாற முயன்று இரண்டு முறை தோற்றுவிட்டேன்.

பிறர் கம்ப்யூட்டரில் என்ன செய்வது?

டி.டி.பி. சென்டர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "அண்ணே, உங்க வீட்டுல மாத்திக்குவீங்க. எங்க கடைக்கு வந்தா திணற மாட்டீங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். திணறினேன். முதல் வாரம் அவர் கடையில் வலது ஆல்ட் + வி அழுத்திவிட்டு, ஒட்டப்படவில்லையே என்று விழித்தேன். அதனால்தான் கண்ட்ரோலை நகர்த்தினாலும் எழுத்துகளை மாற்ற வேண்டாம் என்கிறேன். பழைய கண்ட்ரோல் கீயும் அதே இடத்தில் வேலை செய்து கொண்டுதான் இருக்கும். கடையில் செலவிடும் அரை மணி நேரத்துக்குப் பழைய வழி. வீட்டில் எட்டு மணி நேரத்துக்குப் புதிய வழி. அலுவலகத்தில் நாள் முழுவதும் டைப் செய்பவர்கள் அங்கேயும் மாற்ற அனுமதி கேட்கலாம். கேட்கத் தயங்குகிறோம். நாற்காலி ஆடினால் புகார் செய்கிறோம், விரல் வலித்தால் மறைக்கிறோம்.

வீட்டில் பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் உங்களுக்கென்று தனி யூசர் அக்கவுண்ட் உருவாக்கிக் கொள்ளுங்கள். கேப்ஸ் லாக் பரிசோதனை நடந்த நாட்களில் என் பெண் பள்ளி புராஜெக்ட் டைப் செய்ய உட்கார்ந்து, "அப்பா, கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துடுச்சு" என்று அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

கீகளை மாற்றுவது மருத்துவத்துக்கு மாற்று அல்ல. இரவில் கை மரத்துப் போய் விழிப்பு வருகிறது, கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரலில் ஊசி குத்துவது போல் இருக்கிறது, அல்லது சுண்டு விரல் உணர்ச்சியற்றுப் போகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். மேஜை உயரமும் முக்கியம். முழங்கை மட்டத்துக்கு கீபோர்டு வர வேண்டும். கீபோர்டின் அடியில் உள்ள கால்களை மடக்கிவிடுங்கள். அவற்றை நிறுத்தினால் மணிக்கட்டு மேல் நோக்கி மடங்கும்.

எனக்கு முழுவதும் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மூன்று வார ஓய்வை ஒன்றரை வாரமாகச் சுருக்கிக் கொண்டது என் தவறு. பக்கங்கள் அதிகமான வாரத்தில் இன்னும் மாலையில் விரல் நினைவூட்டுகிறது. ஆனால் துண்டைப் பிழிய முடிகிறது. போன வாரம் மீண்டும் தாளில் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் எப்9 ஆறு முறை. பழைய கண்ட்ரோல் + எஸ் இரண்டு முறை. அந்த இரண்டும், ட்யூப் லைட் ஒரு முறை மின்னி அடங்கிய நேரத்தில்.